ஒரு குறிக்கு இரண்டு பொருள்

கணிப்பொறி நினைவகத் திருத்தங்கள் பற்றி ஒரு திறனாய்வு

கவிதைக்குத் திறனாய்வு உண்டு. நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உண்டு. கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரலுக்கும் திறனாய்வு உண்டா என்று கேட்டால் நம்மில் பலர் வியப்படைவோம். உண்டு என்பதே விடை. கவிதையில் ஒரு சொல் பிசகினால் ஓசை கெடும், அத்துடன் போகும். கணிப்பொறியின் உட்கருவில் ஒரு வரி பிசகினால் உலகெங்கும் உள்ள யந்திரங்களின் பூட்டுகள் ஒரே நாளில் திறந்துகொள்ளும். அவ்வாறு திறந்துகொண்ட ஒரு பூட்டின் கதையையும், அதனைச் சரிசெய்ய 2005 முதல் 2022 வரை எழுதப்பட்ட திருத்தங்களின் நிறைகுறைகளையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

இதற்குக் கணிப்பொறி அறிவு பெரிதும் வேண்டியதில்லை. ஓர் உப்பளத்தையும் ஒரு நூலகத்தையும் மனக்கண்ணில் கொண்டுவந்தால் போதும். இரண்டும் புதுவை வாசகர்களுக்குப் பழக்கமானவையே.

பாத்தியும் பேரேடும்

புதுச்சேரி நகரில் உப்பளம் என்றொரு பகுதி உண்டு. இன்று அங்கே இந்திரா காந்தி விளையாட்டரங்கமும் வீடுகளும் தெருக்களும் உள்ளன. பெயரில்தான் உப்பு இருக்கிறது. உப்பு விளையும் களத்தை நேரில் காண விரும்புவோர் வடக்கே மரக்காணம் வரை செல்ல வேண்டும். அங்கே நிலம் முழுவதும் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பாத்திக்குப் பாத்தி வரப்பு, வரப்பில் மடை. எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதில்தான் விளைச்சலே அடங்கியிருக்கிறது. உப்பு படியும் பாத்தியில் வேண்டாத நீர் புகுந்தால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்து போகும்.

கணிப்பொறியின் நினைவகமும் இத்தகைய பாத்திகளாகவே பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பாத்திக்குப் 'பக்கம்' என்று பெயர். பெரும்பாலான யந்திரங்களில் ஒரு பக்கம் 4096 பைட்டுகள் கொண்டது. ஒரே நேரத்தில் பல நிரல்கள் இயங்கும்போது ஒன்றின் பக்கத்தில் மற்றொன்று கைவைக்கக் கூடாது. வங்கிக் கணக்கைக் காட்டும் நிரலும் விளையாட்டு நிரலும் ஒரே கைபேசியில் இருக்கின்றன. வரப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரிய உப்பளங்களில் கணக்கப்பிள்ளை இருப்பார். எந்தப் பாத்தி யாருடையது என்பதை அவர் பேரேட்டில் எழுதி வைத்திருப்பார். கணிப்பொறியில் அந்த வேலையைச் செய்வது 'கெர்னல்' எனப்படும் உட்கரு நிரல். அதன் பேரேட்டுக்குப் 'பக்க அட்டவணை' என்று பெயர். ஆனால் ஒவ்வொரு முறையும் கணக்கப்பிள்ளையே ஓடிவந்து மடையைத் திறக்க முடியுமா? ஒரு நொடியில் கோடிக்கணக்கான முறை நினைவகம் தொடப்படுகிறது. ஆகவே மடையருகில் வன்பொருளால் ஆன ஒரு காவலாள் நிறுத்தப்பட்டிருக்கிறார். இவரே நினைவக மேலாண்மை அலகு. பேரேட்டைப் பார்த்து, அனுமதி இருந்தால் விடுவார். இல்லையேல் கெர்னலைக் கூப்பிடுவார்.

பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பதிவு உண்டு. அப்பதிவில் சில சிறு குறிகள் இடப்படும். ஒவ்வொன்றும் ஒரு பிட்டு. அதாவது 0 அல்லது 1. 'படிக்கலாம்' என்று ஒரு குறி. 'எழுதலாம்' என்று ஒரு குறி. இவற்றுடன் 'அழுக்கு' என்றும் ஒரு குறி உண்டு. இதுவே நம் கதையின் நாயகன். இப்பக்கத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள், ஆகவே இதனை வேறு வேலைக்கு எடுக்குமுன் வட்டில் சேமித்துவிடு என்பது அதன் பொருள். இன்டெல் வகை யந்திரங்களில் பதிவின் 6-ஆவது பிட்டு இது. ரிஸ்க்-வி வகையில் 7-ஆவது பிட்டு. கணக்கு 0-இலிருந்து தொடங்குகிறது.

நகல் எடுக்கும் முறை

அடுத்து நூலகத்துக்கு வருவோம். புதுவையில் 1827-இல் தோன்றிய பழைய நூலகம் ஒன்று இன்று ரோமன் ரோலான் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய நூலகத்தில் ஓர் அரிய நூல் இருப்பதாகக் கொள்வோம். பத்து மாணவர்கள் அதைப் படிக்க வருகிறார்கள். பத்துப் படிகள் அச்சிட வேண்டியதில்லை. ஒரே நூலைப் பத்துப் பேரும் பார்க்கலாம். அவர்களில் ஒருவர் மட்டும் விளிம்பில் குறிப்பு எழுத விரும்புகிறார். மூலத்தில் எழுதவிடலாமா? கூடாது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நகல் எடுத்து, நகலில் எழுதச் சொல்கிறார் நூலக எழுத்தர். செலவும் குறைவு, மூலமும் பிழைத்தது.

கெர்னலும் இதையே செய்கிறது. ஒரு கோப்பினைப் பல நிரல்கள் படித்தால் நினைவகத்தில் ஒரே படிதான் இருக்கும். ஏதேனும் ஒரு நிரல் தனக்கென எழுத முயன்றால், அந்த நொடியில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனி நகல் எடுக்கப்படும். இதனை 'எழுதும்போது நகல்' முறை என்பர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கவ்', அதாவது பசு என்று வரும். பின்னால் இதில் கண்டுபிடிக்கப்பட்ட பிழைக்கு 'டர்ட்டி கவ்', அதாவது 'அழுக்குப் பசு' என்று விளையாட்டாகப் பெயர் சூட்டினார்கள். பிழை விளையாட்டானது அன்று.

பிழை என்ன?

நம் நூலகத்தில் நடப்பதாகவே இதைச் சொல்லலாம். மாணவர் ஒருவர் எழுத்தரிடம் சீட்டுத் தருகிறார்: இந்தப் பக்கம் வேண்டும், எழுதுவதற்கு. எழுத்தர் நகல் எடுத்து மேசையில் வைக்கிறார். நகல்தான் எடுத்தாகிவிட்டதே என்று, சீட்டில் உள்ள 'எழுதுவதற்கு' என்ற சொல்லை அடித்துவிடுகிறார். பிறகு மேசையை ஒருமுறை பார்த்து, பக்கம் இருக்கிறது, எழுதிக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவே முறை.

சீட்டில் சொல்லை அடித்ததற்கும் மேசையைத் திரும்பிப் பார்ப்பதற்கும் இடையே ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் மாணவரின் தோழர் வந்து மேசையிலிருந்த நகலைக் குப்பையில் போடுகிறார். அது அவர்களுடைய நகல்; எறிவதற்கு உரிமை உண்டு. எழுத்தர் திரும்பிப் பார்க்கிறார், மேசை காலி. சீட்டைப் பார்க்கிறார், 'இந்தப் பக்கம் வேண்டும்' என்று மட்டும் இருக்கிறது. 'எழுதுவதற்கு' என்பது அடிபட்டுவிட்டது. படிக்கத்தானே என்று மூலத்தையே கொண்டுவந்து வைக்கிறார். மாணவரின் பேனா ஏற்கெனவே திறந்திருக்கிறது. மூலத்தில் மை விழுகிறது!

லினக்ஸ் கெர்னலில் நடந்ததும் இதுவே. தோழர் என்று நாம் சொன்னது அதே நிரலின் மற்றோர் இழை. இலட்சக்கணக்கான முறை முயன்றால் ஒருமுறையேனும் அந்தக் கணம் வாய்த்துவிடும். அப்போது, படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் சாதாரணப் பயனர் ஒருவர் எழுதிவிடுவார். அந்தக் கோப்பு கடவுச்சொல் கோப்பாகவோ நிர்வாகியின் நிரலாகவோ இருந்தால், யந்திரம் முழுவதும் அவர் கையில்.

இது யாருக்கோ நேரும் தொல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்துக்கும் உட்கரு லினக்ஸ்தான். இணையத்தின் சேவையகங்களில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயக்க அமைப்பின் உட்கருவும் அதுவே. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஐம்பது மாணவர்கள் ஒரே யந்திரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் எனில், அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பது இந்த வரப்பு ஒன்றே.

முதல் திருத்தம்: 2005

வியப்புக்குரிய செய்தி இனிமேல்தான் வருகிறது. இந்த ஓட்டையை 2005-ஆம் ஆண்டிலேயே கண்டவர் ஒருவர் உண்டு. அவர் லினக்ஸை 1991-இல் தொடங்கிவைத்த லினஸ் டோர்வால்ட்ஸ்! அவர் ஒரு திருத்தமும் எழுதினார். மேசையில் இருக்கும் பக்கத்தில் 'அழுக்கு' குறி இருக்கிறதா என்று பார். இருந்தால்தான் எழுத விடு என்பது அதன் சாரம். நகலில் எழுதப்படும்போது அழுக்குக் குறி விழும், மூலத்தில் விழாது. ஆகவே அழுக்கு இருந்தால் நகல் என்று கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

இன்டெல் யந்திரத்தில் கணக்கு சரிவந்தது. ஆனால் லினக்ஸ் இன்டெலில் மட்டும் இயங்குவதில்லையே! ஐ.பி.எம். நிறுவனத்தின் எஸ்-390 என்ற பெருங்கணிப்பொறியிலும் இயங்குகிறது. அந்த யந்திரத்தில் அழுக்குக் குறி பேரேட்டில் இடப்படுவதில்லை. நினைவகத்தின் ஒவ்வொரு 4096 பைட்டுத் துண்டுக்கும் தனியே ஒரு 'சேமிப்புச் சாவி' உண்டு. குறி அங்கேதான் விழும். ஆகவே பேரேட்டில் குறியைத் தேடும் புதிய நிரல் அங்கே சிக்கலை உண்டாக்கியது. சில நாட்களிலேயே திருத்தம் விலக்கப்பட்டு, வேறொரு முறை புகுத்தப்பட்டது. நாம் மேலே கண்ட, சீட்டில் சொல்லை அடிக்கும் வழக்கம் அந்தப் புதிய முறையிலிருந்து பிறந்ததே.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? திருத்தத்தை விலக்கியது குற்றமன்று. ஒரு வகை யந்திரத்தில் ஓடாத நிரலை எவரும் வைத்திருக்க இயலாது. ஓட்டையும் அன்று ஏட்டளவில்தான் இருந்தது. அந்தக் குறுகிய கணத்தைப் பிடிப்பது அக்கால யந்திரங்களில் மிக அரிது. ஆனால் யந்திரங்கள் மாறும். பல செயலிகள் ஒருங்கே இயங்கத் தொடங்கின. நினைவக நிரலும் அதற்கேற்பச் சுறுசுறுப்பாயிற்று. அரிதாக இருந்த கணம் எளிதாகிவிட்டது. 2007-இல் வெளியான 2.6.22 பதிப்பிலிருந்தே கெர்னல் இத்தாக்குதலுக்கு இடம் தந்தது என்பது பின்னர் தெரிந்தது.

அதைவிட வருந்தத்தக்கது மற்றொன்று. 2013-இல் வெளியான 3.9 பதிப்பில் எஸ்-390 யந்திரத்துக்கான நிரல் மாற்றி எழுதப்பட்டது. அழுக்குக் குறியைக் கெர்னலே பேரேட்டில் இடத் தொடங்கியது. முதல் திருத்தத்தை விலக்கியதற்கு என்ன காரணமோ, அக்காரணம் அன்றே மறைந்தது. ஆயினும் பழைய திருத்தத்தை எடுத்துப் பார்ப்பார் எவரும் இல்லை. காரணம் போன பின்பும் அதன் விளைவு மூன்றரை ஆண்டுகள் நின்றது.

இரண்டாம் திருத்தம்: 2016

2016-இல் ஃபில் ஓஸ்டர் என்பவர் தம் சேவையகத்துக்கு வந்துபோகும் இணையப் போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தார். அதில் ஒரு புதுவிதத் தாக்குதல் நிரல் அகப்பட்டது. நம் ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் ஏற்கெனவே உள்ளே புகுந்திருந்தார்! கண்டவர் உரியவர்களிடம் தெரிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் டோர்வால்ட்ஸ் இரண்டாம் திருத்தத்தை எழுதினார்.

அத்திருத்தத்துடன் அவர் இணைத்த குறிப்பு பாராட்டுக்குரியது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் தாமே இதனைச் சரிசெய்ய முயன்றதையும், அம்முயற்சி சரியாக அமையாததையும், அது எஸ்-390 காரணமாக விலக்கப்பட்டதையும், இப்போது அத்தடை நீங்கிவிட்டதையும் அதில் ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கிறார். தம் பழைய வேலையைத் தாமே குறைகூறி, பின்வருவோர் படிப்பதற்காக எழுதிவைப்பது எளிதன்று. நல்ல திருத்தக் குறிப்புக்கு இலக்கணம் கேட்டால் இதைக் காட்டலாம்.

திருத்தம் எப்படி? சீட்டில் 'எழுதுவதற்கு' என்ற சொல்லை இனி அடிக்க வேண்டாம். 'நகல் எடுத்தாயிற்று' என்று கூடுதலாக ஒரு குறிப்பு எழுது. அக்குறிப்பும் இருந்து, பக்கத்தில் அழுக்குக் குறியும் இருந்தால் மட்டும் எழுத விடு. இதுவே சாரம். சில வரிகளில் முடிந்த சுருக்கமான வேலை. ஓட்டை அடைபட்டது. உலகம் நிம்மதியடைந்தது.

ஆனால் திறனாய்வாளர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அழுக்குக் குறியின் பொருள் என்ன? 'எழுதப்பட்டது, சேமித்துவிடு' என்பது அதன் பழைய பொருள். 'இது தனி நகல், மூலம் அன்று' என்பது இப்போது அதன்மேல் ஏற்றப்பட்ட புதிய பொருள். ஒரு குறிக்கு இரண்டு பொருள் வந்துவிட்டது. இரண்டாவது பொருளை அறியாதவர் எவரேனும் முதல் பொருளை மட்டும் நினைத்து அக்குறியை இட்டால் என்ன ஆகும்?

மூன்றும் நான்கும்: 2017, 2022

அவ்வாறே ஆயிற்று, ஒருமுறை அன்று, இருமுறை.

நினைவகத்தில் 4096 பைட்டுப் பக்கங்களோடு, 2 மெகாபைட் அளவுள்ள பெரும்பக்கங்களும் உண்டு. அவற்றுக்கும் அதே சோதனை தேவை என்பதால் 2017-இன் தொடக்கத்தில் பெரும்பக்க நிரலிலும் அது சேர்க்கப்பட்டது. ஆனால் அதே கோப்பில் முன்பே ஒரு வரி இருந்தது. பெரும்பக்கத்தைத் தொட்டாலே, படிக்கத் தொட்டாலும் எழுதத் தொட்டாலும், அழுக்குக் குறியை இட்டுவிடும் வரி அது. ஒரு காலத்தில் அதன் அருகே விளக்கக் குறிப்பும் இருந்தது. எழுதும்போது மட்டுமே குறியை இடுவதுதான் முறை. ஆனால் பெரும்பக்கத்தில் இப்போதைக்கு அக்குறிக்குப் பொருளில்லை என்று அக்குறிப்பு சொல்லிற்று. அன்று அது உண்மை. புதிய சோதனை வந்ததும் குறிக்குப் பொருள் வந்துவிட்டது. பழைய வரியோ அப்படியே நின்றது. 2017 நவம்பரில் பிண்டெசி என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழுவினர் இதனைக் கண்டுபிடித்து வெளியிட்டனர். பாதிப்பு முன்னதைவிடச் சிறிது. ஆயினும் மூலத்தில் மை விழுந்தது விழுந்ததே.

அடுத்தது 2022. அவ்வாண்டு ஜனவரியில் வெளிவந்த 5.16 பதிப்பில், பகிர்ந்த நினைவகம் பற்றிய வேறொரு பகுதியில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது. அங்கே அமைக்கப்படும் பக்கங்களுக்கு எல்லா நிலையிலும் அழுக்குக் குறி இடப்படும் என்பது அம்மாற்றம். பழைய பொருளின்படி பார்த்தால் அதில் தீங்கில்லை. தேவையின்றி ஒருமுறை சேமிக்க நேரிடலாம், அவ்வளவே. இரண்டாவது பொருளின்படி பார்த்தாலோ பூட்டைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும். அவ்வாண்டு ஆகஸ்டில் இது வெளிவந்தது.

இம்முறை திருத்தம் எழுதியவர்கள் அழுக்குக் குறியை நம்புவதையே விட்டுவிட்டார்கள். 'இப்பக்கம் இந்த ஒருவருக்கு மட்டுமே உரியது' என்று சொல்வதற்கெனவே தனியாக ஒரு குறி அதற்குள் கெர்னலில் வந்திருந்தது. சோதனை அக்குறிக்கு மாற்றப்பட்டது. 2016-இல் சேர்த்த 'நகல் எடுத்தாயிற்று' குறிப்பும் நீக்கப்பட்டது. ஒரு குறிக்கு ஒரு பொருள் என்ற நிலை இவ்வாறு 17 ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தது.

குறை எங்கே?

இந்த வரிசையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 2017-இல் எங்கோ இருந்த பழைய வரி புதிய சோதனையைக் கெடுத்தது. 2022-இல் எங்கோ சேர்ந்த புதிய வரி பழைய சோதனையைக் கெடுத்தது. இரண்டிலும் மாற்றப்பட்ட வரியை மட்டும் உற்றுப் பார்த்தால் குறை தெரியாது.

லினக்ஸில் ஒரு திருத்தம் எவ்வாறு ஏற்கப்படுகிறது? எழுதியவர் அதனைப் பலரும் பார்க்கும்படி அனுப்புகிறார். சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. நீக்கிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி. சூழல் தெரிய மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி. அப்பகுதிக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். அவரும் மற்றவர்களும் படித்துக் குறை சொல்வார்கள்; மீண்டும் எழுதச் சொல்வார்கள்; நிறைவு ஏற்பட்டால் 'மதிப்பாய்ந்தேன்' என்று தம் பெயரை இடுவார்கள். இதற்குச் சம்பந்தமில்லாதவரும் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். இது மிகச் சிறந்த முறை என்பதில் ஐயமில்லை. மூடிய அறையில் எழுதப்படும் நிரலுக்கு இத்தனை கண்கள் கிடைப்பதில்லை.

ஆயினும் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். மொத்தம் மூன்று கோடிக்கும் அதிகமான வரிகள். இந்த வெள்ளத்தில் மூன்று வரிச் சூழலோடு நின்றுவிடும் கண்ணே மிகுதி. கண்கள் பல இருந்தால் பிழை தப்பாது என்பார்கள். எல்லாக் கண்களும் ஒரே இடத்தைப் பார்த்தால் ஆயிரம் கண்ணும் ஒரு கண்ணே. நம் கதையில் பிழை இருந்த இடம் திருத்தத்தாளுக்கு வெளியே இருந்தது.

ஆகவே என் கருத்து இது. மாற்றத்தை மட்டும் படிப்பது மெய்ப்புப் பார்ப்பதாகும். மாற்றம் எந்த நம்பிக்கையின்மேல் நிற்கிறது என்று தேடிப் படிப்பதே மதிப்பாய்வு. 'அழுக்கு இருந்தால் நகல்' என்பது ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் குறி இடப்படும் ஒவ்வோர் இடத்திலும் எழுதி வைத்திருந்தால், அங்கே கைவைக்க வந்தவர் நின்று யோசித்திருப்பார்.

இதற்கு மறுப்பும் உண்டு. எல்லாவற்றையும் தேடிப் படித்துக்கொண்டிருந்தால் வேலை நகருமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஒரு விசைப்பலகைக்கான திருத்தத்துக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆனால் வரப்பையும் மடையையும் தொடும் திருத்தம் வேறு வகை. அங்கே ஒரு நாள் தாமதம் பெரிதன்று.

நம் வீட்டு வாயிலில்

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று நீங்கள் எண்ணலாம். அடுத்துச் சொல்லப்போவது சென்னையில் நடப்பது.

சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற செயலி உருவாக்கப்பட்டு வருகிறது. பேராசிரியர் காமகோடி தலைமையில் தொடங்கிய பணி இது. 2018-இல் 'ரைஸ்கிரீக்' என்ற சில்லு இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் வடிக்கப்பட்டது. அதில் லினக்ஸ் இயங்கியது. அதே ஆண்டு சண்டிகரில் உள்ள நம் நாட்டு ஆலையிலும் 180 நானோமீட்டர் முறையில் ஒரு சில்லு வடிக்கப்பட்டது. சக்தியின் வடிவமைப்பு நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

சக்தி பின்பற்றும் ரிஸ்க்-வி விதிமுறையில் அழுக்குக் குறி பற்றி என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? இரண்டு வழிகள் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஒன்றில், எழுதும்போது காவலாளாகிய வன்பொருளே குறியை இட்டுவிடும். மற்றொன்றில், குறி இல்லாத பக்கத்தில் எழுத வந்தால் வன்பொருள் பிழை எழுப்பும். கெர்னல் வந்து குறியை இட வேண்டும். யந்திரம் வடிப்பவர் எதையும் தேர்ந்துகொள்ளலாம். 2005-இல் எஸ்-390 தந்த பாடம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஒரே குறி; யந்திரத்துக்கு யந்திரம் அதை இடுபவர் வேறு, இடம் வேறு. ஒரு யந்திரத்தில் சோதித்துவிட்டுச் சரி என்று கையெழுத்திடுவது இனியும் போதாது.

இதே எச்சரிக்கை சாதனங்களுக்கான காவலாளுக்கும் பொருந்தும். வட்டும் வலையமைப்பு அட்டையும் செயலியைக் கேளாமல் நேராக நினைவகத்தில் எழுத வல்லவை. அவற்றைக் கட்டுப்படுத்த வேறொரு நினைவக மேலாண்மை அலகும், அதற்கென ஓர் இயக்கி நிரலும் உண்டு. காவலாள் ஒவ்வொரு முறையும் பேரேட்டைப் புரட்டாமல், அடிக்கடி வேண்டியவற்றைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்வார். பேரேட்டில் அனுமதியை நீக்கினால் துண்டுச்சீட்டையும் கிழிக்க வேண்டும். உடனுக்குடன் கிழித்தால் பாதுகாப்பு மிகும், வேகம் குறையும். சேர்த்துவைத்துப் பின்னர் கிழித்தால் வேகம் மிகும். இடையில் சிறிது நேரம், அனுமதி போன சாதனத்துக்கும் மடை திறந்திருக்கும். லினக்ஸில் இவ்விரண்டு முறைகளும் உண்டு. எது வேண்டும் என்பதை யந்திரத்தை இயக்குபவர் தேர்ந்துகொள்ளலாம். இந்த இயக்கியில் ஒரு வரியை இடம் மாற்றினாலும் அந்தச் சிறிது நேரம் நீளலாம். வேகம் கூடியதா என்று மட்டும் பார்க்கும் மதிப்பாய்வு அதனைக் காணாது.

மாணவ நண்பர்களுக்கு

நிரல் எழுதக் கற்கும் நீங்கள், பிறர் எழுதியதைப் படிக்கவும் கற்க வேண்டும். நினைவகத்தைத் தொடும் எந்தத் திருத்தத்தையும் கையில் எடுத்தால் பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இதில் வரும் ஒவ்வொரு குறிக்கும் பொருள் என்ன? இதே குறியை வேறு எங்கெல்லாம் இடுகிறார்கள்? எங்கெல்லாம் படிக்கிறார்கள்?

2. இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே மற்றொருவர் புகுந்தால் என்ன ஆகும்?

3. வேறு வகை யந்திரத்தில் இது எவ்வாறு நடக்கும்?

4. பேரேடு மாறிய பின் துண்டுச்சீட்டு கிழிக்கப்பட்டதா? எப்போது?

5. வேலை பாதியில் தடைப்பட்டால், அதுவரை திறந்த மடைகள் மூடப்படுமா?

6. இவ்வாறு எழுத நேர்ந்ததற்குக் காரணம் என்ன? அக்காரணம் நாளை நீங்கினால் இங்கே திரும்பி வந்து பார்க்கப் போகிறவர் யார்?

கடைசிக் கேள்வியே பெரும்பாலும் விடுபடுகிறது. 2013-இல் அதை ஒருவர் கேட்டிருந்தால் 2016-இல் அந்தத் தாக்குதல் நிரல் பலித்திராது.

கெர்னலின் நிரலும், அதன் திருத்தங்களும், ஒவ்வொரு திருத்தத்தின்மேல் நடந்த விவாதமும் எல்லோரும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன. நாம் மேலே கண்ட 2005, 2016, 2017, 2022 திருத்தங்கள் ஒவ்வொன்றும் சில பத்து வரிகளிலிருந்து சில நூறு வரிகளுக்குள் அடங்குவன. கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் விடுமுறையில் அவற்றை வரிசையாக எடுத்துப் படிக்கலாம். குறிப்பைப் படியுங்கள்; வரியைப் படியுங்கள்; பிறகு தாளுக்கு வெளியே போய் அந்தக் குறி எங்கெங்கே வாழ்கிறது என்று தேடுங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். இன்னார்தான் கேட்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. சக்தி போன்ற நம் செயலிகளுக்கு நாளை காவலாள்கள் பலர் தேவைப்படுவார்கள். அவர்களுள் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.